அகதிகளின் வைத்தியர்: மருந்தும் கணக்கும்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாவில், மருத்துவத் துறையில் பணியாற்றும் பழைய மாணவிகள் சார்பில் வெள்ளவத்தையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எமது கல்லூரி தந்த வைத்தியர்கள், தாதியர்கள், மருந்தாளர்கள் சார்பில் பேசுமாறு விழாக்குழுவினர் எம்மைக் கேட்டார்கள். யார் எந்த வைத்தியசாலையில் பொறுப்பேற்றார், யார் எந்தப் பரீட்சையில் முதலிடம் பெற்றார் என்ற விபரங்கள் இம்மலரின் வேறு பக்கங்களில் இருக்கின்றன. அவற்றைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை எடுக்க நாம் விரும்பவில்லை. அகதிகளுக்காக வைத்தியம் பார்த்தவர்களையும், தாமே அகதியாகி நின்று வைத்தியம் பார்த்தவர்களையும் பற்றி இன்று பேச விரும்புகிறோம். இப்படிப்பட்டவர்களின் வேலை மருந்து கொடுப்பதோடு முடிவதில்லை. எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் பட்டினி, எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கு வைத்து அதை வெளியே சொல்வதும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. அந்தக் கணக்கும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதே இவ்வுரையில் நாம் சொல்ல வந்தது.

முதலில் தொலைவிலுள்ள ஓர் இனத்தைப் பார்ப்போம். ஒரோமோ என்ற பெயர் எம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். எத்தியோப்பிய மக்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இவர்கள். அந்நாட்டின் மிகப் பெரிய இனம். இருந்தும் ஹெயிலே செலாசி மன்னர் காலத்தில் இவர்களுடைய மொழியைப் பாடசாலையில் கற்பிக்கவோ அச்சிடவோ இடமிருக்கவில்லை. 1991 ஆம் ஆண்டு ஆட்சி மாறிய பின்னரே இலத்தீன் எழுத்தில் அம்மொழி பாடசாலைகளுக்குள் நுழைந்தது. கென்யாவிலும் சூடானிலும் எகிப்திலும் அகதிகளாகவும், அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் குடியேறியவர்களாகவும் ஒரோமோ மக்கள் வாழ்கிறார்கள். 2015, 2016 ஆம் ஆண்டுகளில் ஒரோமியாவில் நடந்த ஆர்ப்பாட்டங்களின்போது, காயப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளிக்க வேண்டாம் என்று சுகாதாரப் பணியாளர்கள் நெருக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வெளியேறும் ஒரு வைத்தியர் வேறு நாட்டில் போய் என்ன செய்கிறார்? தன் மொழி பேசும் நோயாளிக்கு மொழிபெயர்ப்பாளராகிறார், புகலிடக் கோரிக்கைக்கு மருத்துவ அறிக்கை எழுதுகிறார், ஊரில் என்ன நடக்கிறது என்று கேட்கும் ஊடகத்துக்குப் பதில் சொல்கிறார். எமது மக்களின் கதை தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. பெயர்களை மாற்றினால் வவுனியாவும் முல்லைத்தீவும்தான்.

எனவே வவுனியாவுக்கு வருவோம்.

1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. மீதி 150,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்யப்படும் என்று விடப்பட்டது. 1970களின் நடுப்பகுதியில் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. 1977 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதக் கலவரம் வந்தது. லயன் அறைகளை விட்டு ஓடியவர்களில் ஒரு பகுதியினர் வவுனியாவுக்கும் அதன் சுற்றுப்புறக் காடுகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். சொந்த நாட்டுக்குள்ளேயே அகதிகள். பலரிடம் எந்த நாட்டுப் பிரஜை என்று காட்ட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

இவர்களுக்காக நின்ற அமைப்பு காந்தீயம். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட் அதன் தலைவர், வைத்தியர் எஸ். இராஜசுந்தரம் அதன் செயலாளர். வவுனியாவில் இராஜசுந்தரத்தின் முன் வந்த நோயாளிகளை எமது துறைக் கண்ணோடு ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். குளிர்ந்த மலையில் பிறந்து வளர்ந்தவர்கள் மலேரியா நிலைகொண்ட உலர் வலயத்துக்கு வந்திருக்கிறார்கள். அவர்களுடைய உடலுக்கு அந்தக் காய்ச்சலோடு பழக்கமில்லை. குடிக்க நல்ல கிணறு இல்லை. குழந்தைக்குப் பால் இல்லை. இரத்தச்சோகையோடு வரும் தாய்க்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பலாம். அவள் திரும்பிப் போவது கூரையில்லாத குடிசைக்கும் ஒரு வேளைச் சோற்றுக்கும் என்றால், அடுத்த மாதமும் அதே இரத்தச்சோகையோடுதான் வருவாள்.

காந்தீயம் இதற்குக் கண்ட விடை காணியும் பாடசாலையும். குடும்பங்களைப் பண்ணைகளில் குடியமர்த்தினார்கள். கிணறு வெட்டினார்கள். சிறு பிள்ளைகளுக்கான பாலர் பாடசாலைகளை நடத்தி, அங்கே சத்துணவு கொடுத்தார்கள். நடமாடும் வைத்திய சேவை ஊர் ஊராகப் போனது. பாலர் பாடசாலைக்கென்று கிராமத்துப் பெண்பிள்ளைகளைப் பயிற்றுவித்து ஆசிரியைகளாக்கினார்கள். இன்று நாம் 'சமுதாய மருத்துவம்' என்று பல்கலைக்கழகத்தில் படிக்கும் பாடம் அங்கே மண்வெட்டியோடு நடந்தது.

ஆனால் நாடற்றவர்களைக் காணியில் இருத்துவது அரசியல். அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்வதும் அரசியல். 1983 ஏப்ரலில் இராஜசுந்தரமும் டேவிட்டும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைது செய்யப்பட்டார்கள். அந்த ஆண்டு யூலை 25 ஆம் திகதியும் 27 ஆம் திகதியும் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இரண்டாம் நாள் கொல்லப்பட்டவர்களுள் வைத்தியர் இராஜசுந்தரம் ஒருவர். கூட இருந்தவர்களுக்காகப் பேச அவர் முன்வந்து நின்றார் என்று உயிர் தப்பியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். டேவிட் தப்பிப் பிழைத்துத் தமிழ்நாட்டில் நீண்ட காலம் அகதியாக வாழ்ந்து, முதுமையில் தாயகம் திரும்பி 2015 இல் கிளிநொச்சியில் காலமானார்.

வெலிக்கடை இந்த மண்டபத்திலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. பொரளைப் பக்கம் போகும் எவரும் அந்த மதிலைக் கடந்துதான் போகிறோம். மலையக அகதிகளின் வைத்தியர் ஒருவர் அந்த மதிலுக்குள் உயிர் விட்டார் என்பதை எமது தங்கைமார் அறிந்திருக்க வேண்டும்.

அதே யூலையில் கொழும்புத் தமிழர்களாகிய நாமும் அகதிகளானோம். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை இந்துக் கல்லூரியிலும் வேறு பாடசாலைகளிலும் கோயில்களிலும் மக்கள் நிறைந்திருந்தார்கள். அன்று இளம் பிள்ளைகளாக முகாமில் இருந்தவர்கள் இச்சபையில் பலர் இருக்கிறீர்கள். வீடும் டிஸ்பென்சரியும் எரிந்த நிலையில் உடுத்த உடுப்போடு வந்த வைத்தியர்களும் தாதியர்களும் அந்தக் கூட்டத்துள் இருந்தார்கள். வாங்குகளைச் சேர்த்துப் போட்டுப் பிரசவம் பார்த்தவர்கள், வயிற்றோட்டம் பரவாமல் மலசலகூடத்துக்கு முறை வைத்தவர்கள், சீனி வருத்தக்காரரின் பட்டியல் எழுதி இன்சுலின் தேடி ஆள் அனுப்பியவர்கள் பற்றி மூத்த அக்காமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்களோடு அந்த வைத்தியர்களும் போனார்கள். இவர்களில் யாருக்கும் பட்டயம் கிடைக்கவில்லை. பெயர்களும் எங்கும் எழுதப்படவில்லை. இதைப் பற்றி உரையின் முடிவில் ஒரு கோரிக்கை வைப்போம்.

இனி, மருந்துக்கும் கணக்குக்கும் உள்ள உறவு மிகத் தெளிவாகத் தெரிந்த இடத்துக்கு வருகிறோம். 2009 ஆம் ஆண்டு, வன்னி.

போர் வலயத்துக்குள் இருந்த வைத்தியர்கள் அரசாங்கத்தின் சுகாதார அமைச்சால் நியமிக்கப்பட்டவர்கள். வைத்தியர்கள் து. வரதராஜா, த. சத்தியமூர்த்தி, வீ. சண்முகராஜா முதலியோரின் பெயர்கள் அப்போது உலகச் செய்திகளில் வந்தன. வைத்தியசாலை இடம் மாறி இடம் மாறிப் போனது. புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்கு இலக்கானதும் புதுமாத்தளனில் ஒரு பாடசாலைக் கட்டடத்துக்குப் போனார்கள், அதன்பின் முள்ளிவாய்க்கால். இடம்பெயர்ந்த மக்களோடு வைத்தியர்களும் இடம்பெயர்ந்தார்கள்.

அந்த ஆண்டு பெப்ரவரியில், அங்கே இருக்கும் பொதுமக்கள் ஏறத்தாழ 70,000 பேர் என்பது அரசாங்கத்தின் மதிப்பீடு. போர் முடிந்தபோது மெனிக் பாம் முதலிய முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் 280,000 பேருக்கும் மேல். சகோதரிகளே, இந்த இரண்டு எண்களையும் ஒரு வைத்தியசாலையின் மருந்துக் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து பாருங்கள். உணவும் மருந்தும் ஆட்தொகையைக் கொண்டுதான் கணக்கிடப்படும். எழுபதாயிரம் பேருக்கென்று வரும் சேலைனை, மயக்க மருந்தை, நுண்ணுயிர் கொல்லியை அதைப்போல் நான்கு மடங்கு மக்களிடையே பங்கிட்டால் சத்திரசிகிச்சை மேசையில் என்ன நடக்கும் என்பதை எமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. எண் குறைந்தால் மருந்து குறையும். மருந்து குறைந்தால், பிழைக்கக் கூடியவர் இறப்பார். தேவையான மருந்துகள் இருந்திருந்தால் வைத்தியசாலையில் நிகழ்ந்த மரணங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்திருக்கலாம் என்று 2009 மார்ச் மாதத்தில் அவ்வைத்தியர்கள் அமைச்சுக்குக் கடிதம் எழுதினார்கள். தொலைபேசியில் அழைத்த ஊடகங்களுக்கு, அன்றன்று வந்த காயக்காரரின் தொகையையும் இறந்தவர் தொகையையும் சொன்னார்கள்.

கணக்கு உயிர் காத்ததற்கும் சான்று உண்டு. பெப்ரவரி 10 முதல் மே 9 வரை சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் கடல் வழியாக ஏறத்தாழ 14,000 பேரை, நோயாளரும் காயக்காரரும் உடன் போன உறவினருமாக, வெளியேற்றியது. கரையில் காத்திருப்போருள் இன்று யார் போக வேண்டும், யார் இன்னும் ஒரு நாள் பொறுக்கலாம் என்று பட்டியல் எழுதியது வைத்தியர்களின் கை. அந்தப் பட்டியலில் பெயர் ஏறியதால் உயிரோடு இருப்பவர்கள் இன்றும் திருகோணமலையிலும் வவுனியாவிலும் வாழ்கிறார்கள்.

மே நடுப்பகுதியில் வெளியே வந்த வைத்தியர்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். வரதராஜா காயமடைந்த நிலையில் இருந்தார். யூலை மாதம் கொழும்பில் செய்தியாளர் முன் நிறுத்தப்பட்டு, தாம் முன்னர் சொன்ன எண்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்று சொன்னார்கள். ஓகஸ்டில் பிணையில் விடுதலையானார்கள். பின்னர் அமெரிக்கா சென்ற வரதராஜா, அன்று பேசியது நெருக்குதலின்கீழ்ப் பேசியது என்று வெளிப்படையாகச் சொல்லி, தாம் கண்டவற்றைத் தொடர்ந்து சாட்சியமாக அளித்து வருகிறார். ஒரே மனிதர், முதலில் போர்முனை வைத்தியர், பிறகு கைதி, பிறகு நாட்டை விட்டுப் போனவர், இன்று தன் மக்களுக்காகப் பேசுபவர். ஒரோமோ வைத்தியரைப் பற்றிச் சொன்னபோது பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்றோமே, அது இதனால்தான்.

இச்சபையில் பல அரசியல் கருத்துடையவர்கள் இருக்கிறீர்கள். இறுதிப் போரை நீங்கள் எப்படிப் பார்த்தாலும், ஒரு விடயத்தில் நாம் ஒன்றுபடலாம். ஒரு வைத்தியர் தன் வார்டில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று சொன்னதற்காகப் பயப்பட வேண்டிய நிலை எந்த நாட்டிலும் இருக்கக் கூடாது. அப்படிப் பயம் வந்தால் அடுத்த தொற்றுநோயை, அடுத்த நஞ்சு மருந்தை, அடுத்த பட்டினியை யார் முதலில் சொல்வார்கள்?

இதே நேர்மையோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர்கள் புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையைக் கழித்தார்கள். எமது வகுப்பறையில் எம்மோடு இருந்து படித்த முஸ்லிம் தோழியரின் உறவினரும் அவர்களில் அடங்குவர். அகதியின் கணக்கை எடுக்கும்போது அவர்களை விட்டுவிட்டு எடுத்தால் அது கணக்கு ஆகாது.

அகதியாக இருந்துகொண்டே ஒரு சமூகத்தின் கணக்கைக் கட்டியெழுப்பிய பெண் வைத்தியர் ஒருவரை உதாரணம் சொல்ல வேண்டும். பர்மாவின் கரேன் இனத்தைச் சேர்ந்த சிந்தியா மவுங், 1988 ஆம் ஆண்டு எழுச்சி ஒடுக்கப்பட்டதும் காடு கடந்து தாய்லாந்துக்குள் வந்தார். அடுத்த ஆண்டு மே சொட் என்ற எல்லைப் பட்டணத்தில் ஒரு பழைய கட்டடத்தில் வைத்தியம் தொடங்கினார். கருவிகளைச் சோறு சமைக்கும் ரைஸ் குக்கரில் அவித்துத் தொற்று நீக்கினார். அது வளர்ந்து மே தாவ் கிளினிக் ஆயிற்று. 2002 இல் அவருக்கு மக்சாய்சாய் விருது கிடைத்தது. எமக்கு விருதை விடப் பெரிதாகத் தெரிவது, அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அந்த கிளினிக் பிறப்புப் பதிவு எழுதிக் கொடுத்தது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத குழந்தை, இன்ன நாளில் இன்ன தாய்க்குப் பிறந்தது என்று சொல்ல அந்தத் தாள் ஒன்றே சாட்சி.

இதே வேலையைத் தமிழ்நாட்டு முகாம்களில் எமது மக்களே செய்தார்கள். 1984 இல் சட்டத்தரணி எஸ். சி. சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களிலுள்ள பெண்களைச் சுகாதாரத் தொண்டர்களாகப் பயிற்றுவித்தது. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம் எடுத்துக் கொடுப்பதில் பல ஆண்டுகள் பாடுபட்டது. அங்கிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் இன்று மன்னாரிலும் வவுனியாவிலும் திருகோணமலையிலும், கொழும்பிலும்கூட இருக்கின்றன. அவர்களில் ஒரு பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கவும், அடையாள அட்டை எடுக்கவும், பரீட்சைக்குத் தோற்றவும் காகிதமே திறவுகோல்.

எம் அருகிலும் அகதிகள் இருக்கிறார்கள். 2017 செப்டெம்பரில் கல்கிசையில், இங்கிருந்து சில நிமிடத் தூரத்தில், ஐக்கிய நாடுகள் சபையின் பொறுப்பிலிருந்த ரோஹிங்யா அகதிகள் தங்கியிருந்த வீட்டைக் கும்பலொன்று முற்றுகையிட்டது. உள்ளே குழந்தைகளும் இருந்தார்கள். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பின் நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் வீடுகளை விட்டுத் துரத்தப்பட்டார்கள். 2024 டிசெம்பரில் நூறுக்கும் மேற்பட்ட ரோஹிங்யா மக்களோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கரையில் முதலில் தண்ணீரும் உணவும் கொண்டு ஓடியவர்கள் அங்குள்ள மீனவக் குடும்பங்கள். இலங்கை 1951 ஆம் ஆண்டு அகதிகள் சாசனத்தில் கையெழுத்திடவில்லை. இங்குள்ள அகதி அரசாங்க வைத்தியசாலையில் இலவச சிகிச்சை பெறலாம். ஆனால் தொழில் செய்ய உரிமை இல்லை. அவர்களுள் ஒரு வைத்தியர் இருந்தாலும், தன் பிள்ளைக்குப் பால்மா வாங்கத் தன் தொழிலைச் செய்ய முடியாது.

ஆகவே, மருத்துவத் துறைப் பழைய மாணவிகள் சார்பில் மூன்று கோரிக்கைகளைச் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் வைக்கிறோம்.

முதலாவது, நூற்றாண்டு நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை கல்லூரி மண்டபத்தில் உதவி மேசை ஒன்று நடத்த வேண்டும். திரும்பி வந்த அகதிக் குடும்பங்களும், லயத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்த பெண்களும், பிற நாட்டு அகதிகளும் அங்கே வரலாம். எம்மில் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள், வங்கியிலும் கச்சேரியிலும் இருந்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவர் மூன்று மணி நேரம் இருந்தால் ஒரு குடும்பத்தின் பல வருட அலைச்சல் குறையும். பக்கத்து மேசையில் நாம் இரத்த அழுத்தமும் சீனியும் பார்ப்போம்.

இரண்டாவது, மொழித் துணை. சிங்களம் தெரியாத தாய் ஒருத்தி பெரிய வைத்தியசாலை ஒன்றில், எங்கே நோகிறது என்று சொல்ல முடியாமல் நிற்பதை நாம் அடிக்கடி காண்கிறோம். மும்மொழியும் தெரிந்த, ஓய்வு பெற்ற அக்காமார் முறை வைத்து உடன் போக முன்வர வேண்டும். தன் மொழியில் ஒரு குரல் கேட்டாலே பாதி வருத்தம் குறைந்துவிடும் என்று எமது ஊரில் சொல்வார்கள். வார்டில் அது உண்மை என்று கண்டிருக்கிறோம்.

மூன்றாவது, மேலே சொன்ன கோரிக்கை. 1958 இலும் 1977 இலும் 1983 இலும் முகாம்களில் பணி செய்த எமது வைத்தியர்கள், தாதியர்கள், மருத்துவிச்சிகள் பலர் முதுமை அடைந்துவிட்டார்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். சிலர் இங்கே முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, எழுதி, கல்லூரி நூலகத்தில் வைக்க வேண்டும். எந்த முகாமில் எத்தனை பேர், என்ன நோய், யார் பிறந்தார், யார் இறந்தார், யார் உதவினார், உதவிய சிங்கள அயலவர் யார், எல்லாம் வரட்டும். அடுத்த ஆண்டுக்கு என்று தள்ளினால் சில குரல்கள் கிடைக்காமல் போய்விடும். இளைய பழைய மாணவிகள் ஒவ்வொருவரும் ஒரு மூத்தவரைப் பொறுப்பேற்றால் ஓராண்டில் வேலை முடியும். பெயர் கொடுக்க விரும்புவோருக்காக வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம்.

நூறு வருடங்களுக்கு முன் பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலத்தில் இக்கல்லூரி எமக்கு எழுதவும் எண்ணவும் கற்றுத் தந்தது. அந்த இரண்டும் வீடிழந்தவர்களுக்கு மிகவும் தேவையானவை. கூட்டம் முடிந்து போகும்போது வாசலில் உள்ள கொப்பியில் கையெழுத்து வைக்க மறக்க வேண்டாம்.